கிளுவை வேலிக்குக் கீழே ஓர் அடி

செத்துக் கிடக்கும் கோழியைப் பார்த்தே அதைக் கொன்றது எது என்று சொல்லிவிடலாம் என்பதை என் மாமியார் ஒரு காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கீரி கழுத்தையும் தலையையும்தான் பிடிக்கும். கூட்டுக்குள் புகுந்தால் ஒரே இரவில் பலவற்றையும் கொல்லும் என்றாலும் கடித்த இடம் சிறியதாக, ஏறக்குறைய எல்லாக் கோழிகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். பூனைக்குக் குஞ்சுதான் குறி. தூக்கிக்கொண்டு போய்விடும், தடயம் வைக்காது. பருந்தும் வல்லூறும் பட்டப்பகலில் வெட்டவெளியில் குஞ்சை அள்ளிப் போகும்போது மிஞ்சுவது தாய்க்கோழியின் கூச்சல் மட்டுமே. நாய் புகுந்த இடத்தின் கோலம் இவை எதனோடும் சேராது. இறகு பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குச் சிதறியிருக்கும். கோழிகள் ஓடிய ஓடிய திசையிலெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடக்கும். முதுகிலும் தொடையிலும் வாலடியிலும் பல் பதிந்திருக்கும். சிலவற்றில் வெளியே ஒரு துளி இரத்தம்கூட இல்லாமல் உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கும். பெரும்பாலும் ஒன்றைக்கூடத் தின்றிருக்காது.

கடந்த தை மாதத்தில் ஒரு விடியற்காலை, எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பின்னால் எருக்குழி மேட்டில் பதினொரு கோழிகள் அந்தக் கோலத்தில் கிடந்தன.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட மேட்டுக்காட்டில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் கணவரும் இங்கேயே வந்து தங்கிவிட்டோம். இரண்டு மாடு, ஒரு நாய், அன்றைய கணக்குப்படி 34 கோழி. அத்தனையும் நாட்டுக்கோழிதான், பெரும்பாலும் சிறுவிடை, கொஞ்சம் பெருவிடை. கூண்டில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. எருக்குழியைக் கிளறிப் புழு பொறுக்கி, மாட்டுக் கட்டுத்தரையில் சிந்திய தவிட்டைக் கொத்தி, கரையான் புற்றை உடைத்துத் தின்று வளரும் கோழிக்கு நான் தருவது காலையில் ஒரு படி கம்பும் மாலையில் ஒரு படி சோளமும் மட்டுமே. கோழிக் காசு எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண்களின் காசு. மாமியார் அந்தக் காசில்தான் எனக்கு முதல் தோடு வாங்கிக் கொடுத்தார் என்பதால், இந்த வளர்ப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்துவிடும்.

இழந்ததைக் கிலோக் கணக்கில் பார்த்தால் ஏழாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அந்த வாரம் உயிர்க்கோழி கிலோ நானூறுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் செத்தவற்றில் ஐந்து பெட்டைகள் முட்டைப் பருவத்தில் இருந்தவை. ஒரு நாட்டுப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை வரை இடும், பிறகு அடைக்கு உட்காரும், 21 நாளில் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகளோடு இரண்டு மாதம் திரிந்துவிட்டு மறுபடியும் முட்டைக்கு வரும். நன்றாக அடைகாத்து, குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்து வளர்க்கத் தெரிந்த பெட்டை எல்லா ஈட்டிலும் பிறப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்றின் விலையைச் சந்தையில் எந்தத் தராசும் சொல்லாது. அந்த ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை. தப்பியவையும் ஐந்து வாரத்துக்கு முட்டையிடவில்லை. பயந்த கோழி முட்டையை நிறுத்திவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எவ்வளவு காலத்துக்கு என்பதை அப்போதுதான் கண்டேன்.

அன்று காலை நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாய் மணியின் வாயைத் திறந்து பல்லிடுக்கில் இறகு இருக்கிறதா என்று பார்த்தேன். மணி அன்றிரவு குரைக்கவே இல்லை. அதுதான் என் சந்தேகத்துக்குக் காரணம். இறகு எதுவும் இல்லை, அன்றிரவு கட்டியிருந்த சங்கிலியும் கழலவில்லை. வந்தவை அதற்குப் பழக்கமான நாய்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அந்நியனைக் கண்டு குரைக்கும் நாய், இரவெல்லாம் தன்னோடு சேர்ந்து சுற்றும் கூட்டாளியைக் கண்டு எதற்குக் குரைக்கப் போகிறது?

மேற்கே எங்களை அடுத்து ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. இந்த வட்டாரம் முழுக்கக் கொப்பரை காயவைக்கும் களங்கள் உண்டு. களம் என்றால் இரவுக் காவல் வேண்டும், காவல் என்றால் நாய் வேண்டும். அங்கே இரண்டு நாய்கள். களத்துக்காரர் நல்ல மனிதர். என்னை அக்கா என்றும் என் கணவரை மாமா என்றும் அழைப்பவர். எங்கள் கிணற்றில் மோட்டார் கெட்டால் சொல்லாமலே வந்து நிற்பவர். அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, வியந்துதான் போனார். “எங்க நாய் பால்சோறு திங்கறதுங்க்கா, அது எதுக்குக் கோழியப் போயிக் கடிக்குது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே முழுச் சிக்கலும் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நாய் பசிக்காகத்தான் கொல்லும் என்பது நம் எல்லோருடைய எண்ணம். அதனால்தான் நன்றாகத் தின்று வளரும் வீட்டு நாயின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பசித்த தெருநாய் ஒரு கோழியைப் பிடித்தால் வாயில் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும், அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. வயிறு நிறைந்த நாய்க்குக் கோழி உணவாகத் தெரிவதில்லை. சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓடும் ஒரு பொருள் அதன் கண்ணில் படுகிறது. துரத்துகிறது, கவ்வுகிறது, உதறுகிறது, அது அசையாமல் போனதும் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்ததை நோக்கித் திரும்புகிறது. துரத்தும் உணர்ச்சி ஒன்று, தின்னும் உணர்ச்சி வேறொன்று. முன்னது வயிற்றுக்குக் கட்டுப்படாது. இரண்டு நாய்கள் சேர்ந்துவிட்டால் ஒன்றின் வெறி மற்றதைத் தூண்டும். எனவே எண்ணிக்கையில் பார்த்தால், கோழிக்காரருக்குப் பால்சோறு தின்னும் நாயே பெரிய நட்டம். இதை அவருக்கு விளக்க எனக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. மூன்றாம் முறைதான் அவர் தன் இளைய நாயின் நெஞ்சு மயிரில் ஒட்டிக் காய்ந்திருந்த இரத்தத்தைத் தானே பார்த்திருந்தார்.

ஆனால் அதே காரணத்தால் வீட்டு நாயைச் சமாளிப்பது தெருநாயைச் சமாளிப்பதைவிட எளிது. அதற்கு ஓர் இடம் உண்டு, அவிழ்க்கும் நேரமும் கட்டும் நேரமும் உண்டு, பேசிப் பார்க்க ஓர் ஆள் உண்டு. கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது என்பதால், பழைய நோட்டு ஒன்றில் நான் பதினைந்து நாள் குறித்து வைத்தேன். களத்து நாய்களை மாலை ஆறு மணிக்கு, ஆட்கள் போனதும் அவிழ்க்கிறார்கள். காலை ஏழரைக்கு, ஆட்கள் வருவதற்கு முன் கட்டுகிறார்கள். என் கோழிகள் வேப்ப மரத்தில் அடையும். பொழுது வெளுக்கும்போது, ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக இறங்கிவிடும். மாலையில் ஆறரைக்கு மரமேறும். நடு இரவில் நாய்கள் எங்கள் தோட்டத்துக்குள் எத்தனை முறை வந்தாலும் கோழிகள் கிளையில் இருந்தன. ஆபத்து முழுவதும் காலையில் ஒன்றரை மணி நேரத்திலும் மாலையில் அரை மணி நேரத்திலும்தான் இருந்தது. 24 மணி நேரக் காவல் என்று நான் பயந்துகொண்டிருந்தது, எழுதிப் பார்த்தபோது இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

அதன்பிறகுதான் வேலியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டைக் கொரங்காடு என்போம். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் நிற்கும் அந்தக் காட்டைச் சுற்றிக் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வைப்பது பல தலைமுறை வழக்கம். கிளுவை மாடு தாண்டாத வேலி, செம்மறி ஆடு நுழையாத வேலி. நாய்க்காக வைத்த வேலி அது இல்லை. வயதான கிளுவையின் கிளைகள் மேலே அடர்ந்து பின்னிக்கொள்ளும்போது அடிப்பகுதி வெறும் தூராக நிற்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு ஒவ்வொரு இரண்டு தூருக்கு நடுவிலும் ஒரு வாசல் இருக்கிறது என்பதை, நாய் பார்க்கும் உயரத்தில் குனிந்து பார்த்தபோதுதான் கண்டேன். என் அறுபத்தொன்றாம் வயதில் வேலியோரமாகத் தவழ்ந்ததைப் பார்த்துப் பால்காரப் பையன் என்ன நினைத்தானோ தெரியாது. நாய் கண்ட இடத்தில் நுழைவதில்லை, தடம் வைத்திருக்கிறது. மூன்று இடங்களில் மண் வழவழப்பாகத் தேய்ந்து, முள் நுனியில் பழுப்பு மயிர் சிக்கியிருந்தது.

அந்த மூன்றையும் கல்லும் வெள்வேல முள்ளும் வைத்து அடைத்தோம். பத்து நாளில் நான்காவது தடம் உண்டாயிற்று. இரண்டு ஏக்கர் சுற்றளவையும் தரையோடு ஒட்டி அடைப்பது எங்கள் கைக்கு எட்டாத செலவு என்று அப்போது ஒத்துக்கொண்டு, காட்டை விட்டுவிட்டுக் கோழி இறங்கும் இடத்தை மட்டும் காப்பது என்று தீர்மானித்தோம். அதாவது, ஆபத்தான அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கோழிகளை வைத்திருக்க ஓர் அடைப்பு; மற்ற நேரமெல்லாம் பழையபடி மேய்ச்சல்.

அடைப்புக்கு முதலில் நான் வாங்கியது கடையில் கோழிவலை என்றே விற்கும் ஆறுமூலைக் கண் வலை. விலை குறைவு, பார்க்க அழகு, மூன்றே வாரத்தில் ஒரு மூலையில் நாய் பல்லால் இழுத்துக் கிழித்துவிட்டது. அந்த வலை கோழி வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்தது. நாய் உள்ளே வராமல் இருப்பதற்கு அது உதவாது. பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டாம் முறை, கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட கெட்டிக் கம்பி வலையாக வாங்கி, கல்லுக்கால் நட்டு, ஐந்தடி உயரத்துக்குக் கட்டினோம். நான்கடி போதாது, ஓடி வந்து எகிறும் இளம் நாய் நான்கடியைத் தாண்டிவிடும். உயரத்தைவிட முக்கியமானது அடி. வலையைத் தரையோடு நிறுத்தினால் நாய் தோண்டும். எனவே வலையின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு இன்னொரு வலையைத் தரையில் படுக்கவைத்து, இரண்டையும் கம்பியால் தைத்து, மேலே மண்ணும் பலகைக் கல்லும் போட்டோம். நாய்க்கு வேலியின் காலடியில் நின்றுதான் தோண்டத் தெரியும்; அங்கே நகத்தில் கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. குழி தோண்டி வலையை ஆழமாகப் புதைப்பதைவிட இதில் உழைப்பும் குறைவு, எங்கள் ஓடைக்கல் பூமியில் குழி தோண்டுவது எவ்வளவு எளிது என்று தோண்டியவர்களுக்குத்தான் தெரியும்.

கதவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார், அவர் சொன்னது சரி. வலை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் நாய் மூக்கை விட்டு நெம்பும். கீழே கல்படி ஒன்று பதித்தோம்.

வேப்ப மரத்தில் அடைந்து பழகிய கோழியை அடைப்புக்குள் அடைய வைப்பதுதான் வலை கட்டுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க, இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு மரத்தடிக்குப் போய் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பது நமக்குச் சாதகம். உள்ளே ஆறடி உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி, அதற்கு ஏற ஒரு சாய்ந்த கழியும் வைத்தோம். நாட்டுக்கோழி உயரத்தில் உட்கார்ந்தால்தான் அமைதி அடையும். மாலைத் தீவனத்தை ஐந்தே முக்காலுக்கு அடைப்புக்குள்ளேயே போட்டதும் பாதிக் கோழிகள் தாமாகவே பழகிக்கொண்டன. இரண்டு சேவல்கள் இன்னமும் மரம்தான்.

இறக்கை வெட்டிவிடுங்கள், வலையைத் தாண்டாது என்று சிலர் சொன்னார்கள். ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் நறுக்கினால் கோழி நிலை தடுமாறி உயரப் பறக்காது என்பது உண்மைதான். ஆனால் மேய்ச்சலில் இருக்கும் கோழிக்கு நாயிடமிருந்து தப்ப இருக்கும் ஒரே வழி மேலே எழும்புவது. அன்று தை மாதத்தில் தப்பிய 23 கோழிகளில் பெரும்பாலானவை மரத்திலும் சாளைக் கூரையிலும்தான் இருந்தன. எனவே நான் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக, திறந்த வெளியில் ஆங்காங்கே ஏறிக்கொள்ளவும் ஒளிந்துகொள்ளவும் இடம் வைத்தேன்: சக்கரம் போன பழைய கட்டை வண்டி ஒன்று, கவிழ்த்த பெரிய பஞ்சாரம் இரண்டு, சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் ஓர் ஏணி. இருபது அடிக்கு ஓர் ஒளிவிடம் இருந்தால் குஞ்சுக்குப் பருந்திடமிருந்தும் அது காப்பு.

காது கொடுத்துக் கேட்டால் சேவலே பாதிக் காவல் செய்கிறது. வானத்தில் பருந்து வட்டமிட்டால் சேவல் மெலிதாக, நீட்டி, சீழ்க்கைபோல ஓர் ஒலி எழுப்பும். கேட்டதும் கோழிகள் குனிந்து புதருக்குள் பதுங்கும். தரையில் நாயோ கீரியோ வந்தால் ஒலியே வேறு: கொக் கொக் கொக் என்று விட்டுவிட்டுத் தொடங்கி உரத்த கேறலாக முடியும், அப்போது கோழிகள் பதுங்காமல் கழுத்தை உயர்த்தி நின்று பார்க்கும், பிறகு பறக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய நான் பழகிக்கொண்ட பிறகு, சமையலறையில் இருந்தபடியே கல்லை எடுப்பதா, கைதட்டுவதா என்று முடிவு செய்ய முடிகிறது. கினிக்கோழி வளர்த்தால் நாய் வரும்போது கூப்பாடு போடும் என்று கேட்டு நான்கு வாங்கி விட்டேன். கூப்பாடு போடுவது உண்மை. மயில் வந்தாலும் போடுகிறது, தபால்காரர் வந்தாலும் போடுகிறது, என் கணவர் சட்டை மாற்றி வந்தாலும் போடுகிறது. இரண்டை மைத்துனர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் மிகச் சுலபமானதாகச் சொல்லப்பட்டது, செத்த கோழியின் கறியிலேயே மருந்து வைத்து வேலியோரம் போட்டுவிடுங்கள் என்பது. சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர். வருத்தத்தோடு, என் மேல் அன்பாகத்தான் சொன்னார்கள். அன்று காலை இருந்த ஆத்திரத்தில் எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். ஆனால் வேலியோரம் வைத்த கறியை யார் தின்பார்கள் என்று எந்த மருந்துக்கும் தெரியாது. எங்கள் மணி தின்னும், கீரி தின்னும், காக்கை தின்னும். அந்தக் காக்கை கொத்திப் போட்டதை என் கோழியே பொறுக்கும். சட்டமும் தெளிவாக இருக்கிறது: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவு, விலங்கைக் கெடுநோக்கோடு கொல்வதற்கும் நஞ்சு வைப்பதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை சொல்கிறது; விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 முதலே இருக்கிறது. கோழியை இழந்தவர் அடுத்த நாளே குற்றவாளியாகிவிடுவார், நாயை அவிழ்த்துவிட்டவர் பறிகொடுத்தவராகிவிடுவார்.

நாயை அவிழ்த்துவிட்டவர் மேல் சட்டம் என்ன செய்யும் என்றும் விசாரித்தேன். விலங்கைக் கவனக்குறைவாக விடுவது பற்றிய, அதே சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, மனித உயிருக்கோ உடலுக்கோ கேடு வரக்கூடிய நிலையைத்தான் பேசுகிறது. கோழியைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் உரிமையாளரே பொறுப்பு என்கின்றன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பகுதிகளில் நாய்கள் ஆட்டுப்பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றுபோட்டதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடியதும், அதன்பிறகு தமிழக அரசு இழப்பீடு அறிவித்ததும் 2025-இல் செய்தித்தாள் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த இழப்பீடு தெருநாயால் செத்தவற்றுக்கு; அதில் கோழிக்குக் குறித்த தொகையில் ஒரு சேவலின் காலைக்கூட வாங்க முடியாது. சாலையோரம் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுவதால்தான் நாய்கள் கூட்டமாகத் திரிந்து இரத்த ருசி கண்டுவிட்டன என்று விவசாயிகள் அப்போது சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் என் வேலியில் நுழைந்தது அந்த நாய் இல்லையே.

எனவே பேச்சுதான் மிஞ்சியது. களத்துக்காரரிடம் நான் ஈட்டுத் தொகை கேட்கவில்லை, நேரம் கேட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய், மாலை ஆறு மணிக்கு அவிழ்ப்பதை ஏழுக்குத் தள்ளி வைக்கவும், காலையில் ஏழரைக்குக் கட்டுவதை ஆறுக்கு முன்பே கட்டவும் முடியுமா என்று கேட்டேன். மாலை முடியும், காலை முடியாது என்றார். களத்தில் தங்கும் காவலாள் ஆறரைக்குத்தான் எழுவாராம். சரி, நான் கோழியை எட்டு மணிக்குத் திறக்கிறேன், நீங்கள் ஏழரைக்குக் கட்டுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள் என்று முடித்தோம். அவருடைய தாயார் உள்ளிருந்து, “அப்ப உங்க மணி மட்டும் ராத்திரி எங்க களத்துல வந்து புரளுதே கண்ணு, அதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. அன்றிலிருந்து மணிக்கும் அதே நேரம்தான். திரியும் மாட்டுக்குக் கட்டுவதுபோல நாய்க்கும் கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டலாம் என்று அந்த அம்மா ஒரு யோசனை சொன்னார். ஓடும்போது முட்டியில் இடிக்கும் என்பதால் இருவருமே அதை விட்டுவிட்டோம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை இந்த ஆண்டு கற்றுக்கொண்டேன். மார்கழி மாதத்து நாய் என்று ஏச்சாகச் சொல்வார்களே, அது வெறும் ஏச்சு இல்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வரும் காலத்தில் ஐந்தாறு கடுவன்கள் கூட்டாகத் திரியும்; நேரம், தடம் எதுவும் அப்போது செல்லாது. இனி அந்த மூன்று மாதமும் நான் வீட்டில் இல்லாத பகலில் கோழிகளை அடைப்பை விட்டு வெளியே விடப்போவதில்லை. களத்து நாய்கள் இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடலாம் என்று நானே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். களத்துக்காரருக்கு மனம் இன்னும் ஒப்பவில்லை. செய்தால் நாய் காவலுக்கு உதவாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடிபட்ட கோழிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒன்று. பதினொன்றுக்கு மேல் நான்கு காயத்தோடு கிடைத்தன, மூன்று பிழைத்தன. நாய்ப்பல் பட்ட காயம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்திருக்கும். சுற்றியுள்ள இறகை நறுக்கிவிட்டு, கொதித்து ஆறிய உப்பு நீரால் நன்றாகக் கழுவி, அயோடின் மருந்து தடவி, இருட்டான கூடையில் தனியே வைக்க வேண்டும். இரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். ஈ மொய்த்தால் இரண்டாம் நாளே புழு வைக்கும் என்பதால் சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசினேன். உள்காயத்துக்கு மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக் கொடுத்தார். செத்தவற்றைத் தூர எறியாமல் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து மேலே கல் வைத்தோம். எறிந்த இடத்துக்கு நாய் மறுபடி வரும். நாய் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கக் கையை நீட்டவே கூடாது. பல் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்; தெரிந்த வீட்டு நாய்தானே என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

இப்போது 41 கோழிகள் இருக்கின்றன. தை மாதத்துக்குப் பிறகு நாயால் போனது இரண்டு. இரண்டும் மரத்தில் அடையும் அந்தச் சேவல்களோடு சேர்ந்துகொண்ட பெட்டைகள். காலையில் எட்டு மணிக்கு நான் கதவைத் திறப்பதற்கு முன் மேற்கே களத்துப் பக்கம் பார்த்துச் சங்கிலிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு முறை காது கொடுப்பேன். கிழக்கு வேலியில் நாற்பது அடி நீளத்துக்குக் கிளுவையின் தூர் இன்னும் வெறுமையாகத்தான் நிற்கிறது. அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் போன வாரம் ஒரு குட்டி நாய் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி நெருக்கமாக நட்டுவிட வேண்டும், நாளை ஒரு தாம்பாளத்தில் பத்து முட்டை வைத்து எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துவிட்டும் வர வேண்டும்.